ஈடேல் பள்ளத்தாக்கும் கிண்டர் மேட்டுநிலமும்: முதல்முறை நடப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

ஈடேல், இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே இருக்கும் சின்னப் பள்ளத்தாக்கு. அதன் வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம், இங்கத்தியர் சொல்கிற 'மூர்'. கார் இல்லாதவர்களும் ரயிலை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கலாம் என்பதால்தான் நண்பர்களை நான் இங்கே கூட்டிப்போகிறேன்.

கூட்டிப்போனவர்கள் தடுமாறியதைப் பார்த்தே இந்த வரிசையை வைத்துக்கொண்டேன்: முதலில் பள்ளத்தாக்கு, அடுத்து எதிர்ப்பக்க முகடு, அப்புறம் மேட்டின் விளிம்பு, கடைசியில்தான் மேட்டின் நடுப்பகுதி. நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான்கு தனித்தனி நாள்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. நிலத்தின் வடிவத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

கிண்டர் கூரான மலை அல்ல, ஒரு மேசை. பக்கங்கள் செங்குத்து, மேலே கிட்டத்தட்டச் சமதளம். மேசையின் தெற்கு ஓரத்துக்குக் கீழே ஈடேல். ஈடேலுக்குத் தெற்கே நீளமான ஒரு முகடு, அதன் மேற்குப் பகுதியில் 517 மீட்டர் உயரத்தில் மாம் டோர். இரண்டுக்கும் நடுவே நோ ஆறு ஓடுகிறது. ரயில் பாதையும் அதன் கூடவே போகிறது.

இது ஏன் முக்கியம்? உச்சி கூராக இருந்தால் எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று தெரியும். மேசையின் மேல் மூடுபனியில் நின்றால் நான்கு திசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வடக்கே இறங்கிவிட்டால் ஸ்னேக் சாலை, மேற்கே இறங்கினால் ஹேஃபீல்டு. இரண்டிலிருந்தும் ஈடேல் ஸ்டேஷன் மலைக்கு அந்தப்பக்கம்.

'கிண்டர் 636 மீட்டர்தானே, கொடைக்கானல் இதைவிட மூன்று மடங்கு' என்று சொல்லாத நண்பரே இல்லை. கொடைக்கானல் இருப்பது 10 பாகை அட்சரேகையில், இது 53 பாகையில். இங்கே 600 மீட்டரில் மரம் கிடையாது, காற்றுக்கு மறைவு கிடையாது, மே மாதத்திலும் விரல் விறைக்கும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறைக்கு மே, ஜூன் மாதங்கள் நல்லவை. ஜூன் நடுவில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறையும். வழி தவறினாலும் நேரம் கையில் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஹெதர் செடிகள் ஊதாவாகப் பூப்பது ஆகஸ்டில். படம் எடுக்க அது நல்ல மாதம்தான், ஆனால் கூட்டமும் அப்போதுதான். அமைதி வேண்டுமென்றால் வார நாளில் போங்கள்.

வானிலையைப் பார்க்கும்போது ஊருக்கான கணிப்பைப் பார்க்காதீர்கள். பிரிட்டன் வானிலைத் துறை பீக் டிஸ்ட்ரிக்டுக்கென்று தனி மலைக் கணிப்பு வெளியிடுகிறது. அதில் மூன்றைப் பாருங்கள்: மேகத்தின் அடிமட்டம், மேலே காற்றின் வேகம், மழை தொடங்கும் நேரம். மழையைக்கூடச் சமாளிக்கலாம். மேகம் 500 மீட்டருக்குக் கீழே இறங்குகிறது என்றால் மேட்டுக்குப் போகாதீர்கள், பள்ளத்தாக்கு நடையோடு நிறுத்துங்கள். காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினாலும் அப்படியே.

3. காகித வரைபடம் வாங்கி வீட்டிலேயே படியுங்கள்

வேண்டியது பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 'ஓஎல் 1', டார்க் பீக் பகுதிக்கானது. அளவு 1:25,000, அதாவது 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஈடேலில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. போன் வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே நம்பி வராதீர்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், ஈர விரலுக்குத் திரை கேட்காது.

புதியவர்கள் வரைபடத்தில் தப்பாகப் படிப்பது மூன்று விஷயங்களை:

பச்சைக் கோடுகள் பொதுவழி உரிமையைக் காட்டுகின்றன. அங்கே நடக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் பொருள். தரையில் தடம் தெரியும் என்று பொருளல்ல.

கறுப்புப் புள்ளிக்கோடு இதற்கு நேர்மாறு. தரையில் ஒரு பாதை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, உரிமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பள்ளத்தாக்கில் அது யாரோ ஒருவரின் பண்ணைக்குள் போய் முடியலாம்.

வெளிர்மஞ்சள் பூசிய பகுதி திறந்த நிலம். 2000-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். கிண்டர் மேடு முழுக்க இந்த மஞ்சள்தான், கீழே உள்ள வயல்கள் அப்படியில்லை. அதனால் பள்ளத்தாக்கில் கோட்டை விட்டு விலகாதீர்கள்.

திசைகாட்டி ஒன்றும் வேண்டும். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பகுதியில் இப்போது மிகச் சிறியது. அதைக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

4. உடையும் மூட்டையும்

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி டிசர்ட் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் தண்ணீர் புகாத மேல்சட்டை. தண்ணீர் புகாத கால்சட்டையும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டு வருகிறார்கள். குடை கொண்டுவந்த ஒருவரும் உண்டு. விளிம்புக்கு வந்த ஐந்து நிமிடத்தில் குடைக்கம்பி மட்டும் மிஞ்சியது.

கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். அதை இரண்டு வாரம் முன்பே வாங்கிப் பழக்குங்கள், நடக்கும் நாளில் புதுசாகப் போட்டால் கொப்புளம் நிச்சயம். தலையில் மாட்டும் டார்ச், விசில், குல்லா, கையுறை ஆகியவை கோடையிலும் பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு அனுபவம். முதல் தடவை புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். விறைத்த விரலை வைத்துக்கொண்டு, காற்றில் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதி கிண்டருக்குப் போய்விட்டது. இப்போது சப்பாத்தியில் உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டிக்கொண்டு போகிறேன், கையுறையைக் கழற்றாமலே கடிக்கலாம். பிளாஸ்கில் டீ. தண்ணீர் ஒன்றரை லிட்டராவது. மேலே ஓடும் ஓடைகளில் குடிக்காதீர்கள், அங்கே ஆடுகள் மேய்கின்றன.

5. ரயிலை முடிவு செய்துவிட்டு நடையை முடிவு செய்யுங்கள்

மான்செஸ்டர் பிக்கடில்லியிலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம், ஷெஃபீல்டிலிருந்து அரை மணிக்குச் சற்று மேல். இந்தப் பாதையில் ஓடும் விரைவு ரயில்கள் ஈடேலில் நிற்பதில்லை. நின்று போகும் ரயில்களுக்கு நடுவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். ஆகவே திரும்பும் ரயிலையும், அதற்கு அடுத்த ரயிலையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டில் முதலாவதைப் பிடிக்கும்படி நடையைத் திட்டமிடுங்கள். கடைசி ரயிலை நம்பித் திட்டமிடுகிறவர்கள்தான் இறக்கத்தில் ஓடிக் காலைச் சுளுக்கிக்கொள்கிறார்கள்.

காரில் வருகிறவர்கள் ஊர்க் கார் நிறுத்தத்தில் கட்டணம் கட்டி நிறுத்துங்கள். பள்ளத்தாக்குச் சாலை குறுகல், ஓரத்தில் நிறுத்தினால் டிராக்டர் போக முடியாது.

6. முதல் நடை: பள்ளத்தாக்குக்குள் 6 கிலோமீட்டர்

ஸ்டேஷனிலிருந்து ஊர்ச்சாலையில் வடக்கே போங்கள். தேவாலயத்தைத் தாண்டி, பழைய விடுதி ஒன்று வரும்: ஓல்டு நேக்ஸ் ஹெட். ஸ்காட்லாந்து எல்லைவரை 431 கிலோமீட்டர் போகும் பென்னைன் வே என்ற நெடும்பாதை இதன் எதிரில்தான் தொடங்குகிறது. அதில் மேற்கே வயல்கள் வழியாக அப்பர் பூத் பண்ணைவரை போய், அங்கிருந்து சின்னச் சாலையில் பார்பர் பூத்துக்கு இறங்கி, தாழ்வான வயல் பாதைகளில் ஸ்டேஷனுக்குத் திரும்புங்கள். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம்.

இது சின்ன நடைதான், பாடம் பெரிது. வரைபடத்தை எப்போதும் நீங்கள் போகும் திசைக்குத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு சுவரையும் கேட்டையும் கடக்கும்போது அது வரைபடத்தில் எங்கே என்று விரல் வையுங்கள். வரைபடத்தில் வயல் எல்லைகள்கூட இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கீழே பழகாதவர்களால் மேலே, சுவரே இல்லாத இடத்தில், பழக முடியாது.

அம்புக்குறிகளையும் கவனியுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

வயல்களில் நடந்துகொள்ளும் முறை: கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதற்காகவே சில கேட்டுகளைத் திறந்து வைத்திருப்பார்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவரில் ஏறாதீர்கள், ஒரு கல் நகர்ந்தால் வரிசையாகச் சரியும். கன்றோடு மாடுகள் நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். மாடுகள் உங்களைத் துரத்தினால் கூட வந்த நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். அவற்றின் கோபம் நாயின் மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

7. இரண்டாம் நடை: தெற்கு முகட்டிலிருந்து கிண்டரைப் படியுங்கள்

பலர் இதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். 'கிண்டருக்குத்தானே போக வேண்டும், எதற்கு எதிர்ப்பக்கம் ஏற வேண்டும்?' ஏறினால்தான் கிண்டர் முழுசாகத் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து தெற்கே போய், பண்ணைப் பாதைகள் வழியாக ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறுங்கள். அங்கிருந்து மேற்கே மாம் டோர்வரை முகட்டின் மேல் கல் பாவிய பாதை. போக வர சுமார் 8 கிலோமீட்டர். வழி தவற இடமே இல்லை, காற்றும் ஏற்றமும் மட்டும் பழகும்.

மேலே உட்கார்ந்து வரைபடத்தை வடக்குப் பார்க்க விரியுங்கள். எதிரே கிண்டரின் தெற்கு விளிம்பு நெடுக நீண்டிருக்கும். ஊருக்கு நேர் பின்னால் வெட்டுப்பட்டிருக்கும் பள்ளம் கிரைண்ட்ஸ்புரூக் கிளஃப். ஓடை அறுத்த குறுகிய பள்ளத்துக்குத்தான் இங்கே கிளஃப் என்று பெயர். அதன் இடப்பக்கம் உருண்டு நிற்பது கிரைண்ட்ஸ்லோ நோல். இன்னும் இடப்பக்கம் கிரவுடன் கிளஃப். கடைசியில், பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஜேக்கப்ஸ் லேடர் ஏற்றம். இந்த நான்கையும் போனில் படம் பிடித்து, பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நடைக்கு அதுதான் உங்கள் வழிகாட்டி.

8. மூன்றாம் நடை: விளிம்பைப் பிடித்தபடி 13 கிலோமீட்டர்

முதலில் நேரக் கணக்கு. நேய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இங்கே தூரம் 13 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 450 மீட்டர். 2 மணி 36 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 3 மணி 21 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் ஆளுக்கு. சாப்பாடு, படம், மூச்சு வாங்குதல் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வையுங்கள்.

அப்பர் பூத்வரை உங்களுக்குத் தெரிந்த வழி. அங்கிருந்து பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் போனால் சின்னக் கல்பாலம் வரும். அதைக் கடந்ததும் ஜேக்கப்ஸ் லேடர் தொடங்கும்: கல் பதித்த செங்குத்தான ஏற்றம். ஏற இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், தடம் தெளிவாக இருக்கும், மழையிலும் ஏறலாம். கிரைண்ட்ஸ்புரூக் கிளஃப் அப்படியல்ல. மேல்பாதியில் ஓடையின் பாறைகளின் மேலேயே கைவைத்து ஏற வேண்டும், ஓடையில் வெள்ளம் வந்தால் அது பாதையே இல்லை.

ஏற்றம் முடியும் இடத்தில்தான் முதல் பெரிய தவறு நடக்கிறது. நேராக மேற்கே போகும் பாதை ஹேஃபீல்டுக்கு இறங்கிவிடும். வடக்கே திரும்பி ஏறுவது பென்னைன் வே. அதில் சற்று ஏறியதும் விளிம்புப் பாதை கிழக்கே, வலப்பக்கம், பிரியும். கல் பாவியிருக்கிறதே என்று பென்னைன் வே பின்னாலேயே போனால் 633 மீட்டரில் கிண்டர் லோ என்ற இடத்தில் நில அளவைக்காக நட்ட தூணுக்கும், அதன் பிறகு மேற்கு விளிம்புக்கும் கொண்டுபோய்விடும். தூணைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் போய்விட்டு வந்த வழியே திரும்புங்கள். மேட்டின் மிக உயரமான இடம், 636 மீட்டர், சேற்றுக்கு நடுவே இருக்கிறது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

விளிம்பில் கிழக்கே திரும்பியபின் ஒரே விதி: பள்ளம் எப்போதும் வலப்பக்கம். இடப்பக்கம் வந்துவிட்டால் நீங்கள் திரும்பி நடக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பள்ளம் தெரியவில்லை என்றால் மேட்டுக்குள் புகுந்துவிட்டீர்கள் என்று பொருள், உடனே தெற்கே திரும்புங்கள்.

வரிசையாக நோ ஸ்டூல், பிம் சேர் என்ற பாறைகள், பிறகு வுல்பேக்ஸ். படுத்துக்கிடக்கும் யானைக் கூட்டம் போல நூற்றுக்கணக்கான கரும்பாறைகள். இங்கே தடம் பலவாகப் பிரிந்து பிரிந்து சேரும், பயப்பட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை, எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஒரு யானை மறைத்துக்கொள்ளும்.

அடுத்து கிரவுடன் டவர் என்ற பாறை. அதைத் தாண்டியதும் பாதை சற்று உள்ளே வளைந்து, ஓடையைக் கடந்து, மறுபடி விளிம்புக்கு வரும். இதுதான் இரண்டாவது தவறு நடக்கும் இடம். 'ஊர் கீழே தெரிகிறது, ஓடையும் வந்துவிட்டது, இதுதான் கிரைண்ட்ஸ்புரூக்' என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள். இது கிரவுடன் கிளஃப். இறங்கினால் அப்பர் பூத்துக்குத்தான் வருவீர்கள், அதில் ஆபத்தில்லை, ஆனால் மேல்பகுதி செங்குத்தான பாறை. ஓடையைக் கடந்து, 601 மீட்டர் உயர கிரைண்ட்ஸ்லோ நோல்வரை போங்கள். அங்கிருந்து புல்சரிவில் ஊருக்கு நேராக இறங்கும் பாதை உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

9. மேட்டின் நடுப்பகுதி: பீட் சேறு

விளிம்பு நடையை இரண்டு முறையாவது முடித்தபின், தெளிவான வானிலையில், துணையோடு மட்டும். தனியாக வேண்டாம்.

மேட்டின் மேலே இருப்பது மண்ணல்ல, பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மட்கி, நீரில் ஊறி, கறுப்பாகச் சேர்ந்தது. மழைநீர் இதை அறுத்து வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்களை உண்டாக்கியிருக்கிறது. இவற்றுக்கு 'கிரஃப்' என்று பெயர். பல இடங்களில் ஆள் உயரம். உள்ளே இறங்கினால் வானம் மட்டும்தான் தெரியும். ஏறினால் பத்தடியில் அடுத்தது. இருபது நிமிடம் ஏறி இறங்கி, நேராகத்தான் வந்தோம் என்று நினைப்பீர்கள். திசைகாட்டியைப் பார்த்தால் கால்வட்டம் அடித்திருப்பீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். போக வேண்டிய திசையைத் திசைகாட்டியில் பூட்டுங்கள். அந்தத் திசையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பாறையையோ புல்திட்டையோ குறி வையுங்கள். நடுவில் வாய்க்கால் எப்படி வளைந்தாலும் சரி, அந்தக் குறிக்குப் போய்ச் சேருங்கள். பிறகு அடுத்த குறி. ஒருவர் திசைகாட்டியோடு பின்னால் நின்று, முன்னால் போகிறவரை 'இடது, வலது' என்று சரிசெய்வது இன்னும் நல்லது.

நல்ல முதல் இலக்கு: கிரவுடன் ஓடையின் தலையிலிருந்து வடமேற்கே கிண்டர் ஆற்றை எட்டி, அது போகும் போக்கில் கிண்டர் டவுன்ஃபால் அருவிவரை. ஆற்றைப் பிடித்துவிட்டால் அதுவே வழிகாட்டும். 30 மீட்டர் அருவி அது. மேற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேலே திரும்பிப் பறக்கும். திரும்பும்போது உள்ளே வராமல் மேற்கு விளிம்பின் பாதையில் தெற்கே கிண்டர் லோ வழியாக ஜேக்கப்ஸ் லேடருக்கு வாருங்கள்.

எங்கே கால் வைப்பது? கறுத்த வெற்றுப் பீட் காய்ந்திருந்தால் தாங்கும். பளிச்சென்ற பச்சைப் பாசிமெத்தை தாங்காது, அதற்கடியில் தண்ணீர். அது ஸ்ஃபாக்னம் பாசி. அரித்துப்போன மேட்டை மீட்பதற்காக அதைக் கையால் நட்டு வருகிறார்கள். வாய்க்கால்களில் காணும் சிறு தடுப்பணைகளும் நீரைத் தேக்கத்தான். அவற்றைப் படிக்கட்டாக்கி ஏறாதீர்கள்.

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த நிலத்தில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடிப்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பொன்னிறப் புளோவரும் கர்லூவும் அப்போது அடைகாக்கும். எந்த மாதமும் நெருப்பு மூட்டாதீர்கள், சின்ன ஸ்டவ்கூட வேண்டாம். பீட் தீப்பிடித்தால் அடியிலேயே கனன்றுகொண்டு போகும். 2018 ஜூனில் சற்று வடக்கே சாடில்வொர்த் மூர் பற்றி எரிந்தபோது அணைக்க ராணுவம் வரவேண்டியதாயிற்று.

10. வழி தவறினால்

நில்லுங்கள். டீ குடியுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் வழி தவறியவர்கள் செய்யும் முதல் காரியம் வேகமாக நடப்பது. தவறான திசையில் வேகம் கூடினால் என்ன ஆகும்?

பிறகு திசைகாட்டியைப் பார்த்துத் தெற்கே நடங்கள். மேட்டின் நடுவில் எங்கிருந்தாலும் தெற்கே போனால் ஈடேல் பக்க விளிம்போ பாதையோ வரும். விளிம்பு வந்ததும் இறங்கிவிடாதீர்கள், அங்கே பாறை. விளிம்போடு நடந்து தெரிந்த பாதை வந்தபின்தான் இறங்க வேண்டும்.

யாருக்காவது அடிபட்டால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் வழியாக 999 போகும். குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்யுங்கள். இதை வீட்டிலேயே இன்றைக்கே செய்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு.

வீட்டில் ஒருவரிடம் எந்த வழி, எந்த ரயில் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வழியை நடுவில் மாற்றினால் மாற்றியதையும் சொல்லுங்கள். சிக்னல் இல்லாமல் சொல்ல முடியவில்லை என்றால் மாற்றாதீர்கள்.

11. திரும்பி வந்ததும்

கோடையில் ஆளுயரம் வளரும் பிரேக்கன் பெரணி வழியாக வந்திருந்தால் உண்ணி பார்க்க வேண்டும். முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை, அக்குள், குழந்தைகளுக்குக் காதோரமும் தலைமுடியும். ஒட்டியிருந்தால் நசுக்காமல், எண்ணெய் தடவாமல், கூர்மையான இடுக்கியால் தோலுக்கு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் அந்தத் தேதியோடு டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

பூட்ஸை அன்றிரவே குழாயடியில் கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்துக் காய வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். பீட் காய்ந்துவிட்டால் வாசல் மிதியடியில் தொடங்கி வீடு முழுக்கக் கறுப்பாக உதிரும்.